நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

பழவங்காடியில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு, தெர்மாமீட்டர் ஊமையாக இருக்கிறது என்று சண்டை போட்ட ஆடியாலஜிஸ்ட் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தச் சண்டையில் தோற்றேன். தோற்றதுகூடப் பரவாயில்லை. ஏன் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் நான் அடித்த கூத்தைத்தான் எழுதப்போகிறேன்.

ஆடியாலஜிஸ்ட் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்தக்காரர்களுக்கே இன்னும் தெரியாது. ஒருவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து பார்த்து, குறைவாகக் கேட்கிறவர்களுக்குக் கருவி பொருத்துகிற வேலை. ஊசி, கத்தி, மருந்துச் சீட்டு எதுவும் கிடையாது. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது என் பெரியப்பா, "பையன் காது டாக்டராக்கும். மூக்கும் தொண்டையும் கிடையாது" என்று அறிமுகப்படுத்தினார். பெண் வீட்டார் அதை ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக இந்த வேலை. என் அறைக்குப் பக்கத்திலேயே சோதனைக் கூண்டு இருக்கிறது. வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறை, ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே உட்காருகிறவர் தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் இரண்டு வகைத் திருடர்கள் உண்டு. கேட்டும் அமுக்காதவர்கள், இவர்களுக்கு ஏதாவது சர்டிபிகேட் வேண்டியிருக்கும். கேட்காமலே அமுக்குகிறவர்கள், இவர்களுக்கு மானம் வேண்டியிருக்கும். இரண்டாவது கூட்டத்தில் முக்கால்வாசி ஆண்கள். கண்ணாடி வழியாக என் கையையே பார்த்துக்கொண்டு, விரல் அசைந்தால் அமுக்குவார்கள். அதற்காகவே நான் ஒரு ஃபைலை நிறுத்தி வைத்து அதன் மறைவில் கையை வைத்துக்கொள்வேன். வெளியே வந்து கிராஃபைக் காட்டினால், "எனக்கு ஒண்ணும் இல்லை சார், பெண்டாட்டிதான் வாய்க்குள்ளயே பேசறா" என்பார்கள். இந்த வசனத்தை நான் மூன்று மொழிகளில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

நாற்பத்தொன்பதாவது வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. எங்கள் ஆஸ்பத்திரி ஃபிசிஷியன், மருந்து அப்புறம் ஆகட்டும், முதலில் மனசுக்குப் பிடித்த எதையாவது செய் என்றார். எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. சைக்கிள் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் வரை ஜம்மென்று போனேன். திரும்பும்போது நானும் சைக்கிளும் ஒரு குட்டியானை வண்டியில் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே வந்து இறங்கினோம். அடுத்தது கேமரா. பொன்முடிக்குப் போய் நாற்பது படம் எடுத்தேன், நாற்பதிலும் பனிமூட்டம். என் மனைவி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது எந்தாத்துச் சுவர்?" என்றாள். அதற்கப்புறம் மொட்டைமாடிக் காய்கறித் தோட்டம். அது ஆப்பிரிக்க நத்தைகளுக்கு அன்னதானமாக முடிந்தது.

கடைசியில் சிக்கியதுதான் செண்டை. கரமனைப் பக்கம் ஒரு கோயிலுக்குப் பின்னாலிருந்த ஹாலில், வேலைக்குப் போகிறவர்களுக்கென்று சாயங்கால வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். ஆசானுக்கு இருபத்தாறு வயது. எனக்கு ஆஸ்பத்திரியில் எத்தனை வருஷ சர்வீஸோ அத்தனை வயது. நான் அவரை ஆசானே என்று கூப்பிட, அவர் என்னை சாரே என்று கூப்பிட, இரண்டு பேருமே கொஞ்சம் நெளிந்துகொண்டு ஆரம்பித்தோம். என் இடது பக்கம் ஒரு பாங்க் மேனேஜர், வலது பக்கம் ஓர் ஆட்டோ டிரைவர். மேனேஜருக்கும் எனக்கும் தாளம் என்பது முயற்சி, ஆட்டோக்காரருக்கு அது மூச்சு.

செண்டை கற்கிறவனுக்கு முதல் நாளே செண்டையைக் கொடுத்துவிட மாட்டார்கள். புளியங்கட்டையில் செய்த இரண்டு கனத்த குச்சிகளைக் கையில் கொடுத்து, கருங்கல்லில் அடித்துப் பழகச் சொல்வார்கள். மாதக்கணக்கில். மணிக்கட்டு இறங்கிக் கழன்று விழுந்துவிடும் போல இருக்கும் வரை. வீட்டில் பழகவும் கல் வேண்டும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் மிக்ஸி வந்த நாளிலிருந்து வேலையில்லாமல் கிடந்த அம்மியை நான் எடுத்துக்கொண்டேன். அக்ரகாரத்து வீட்டில்தான் இப்படி ஒரு வசதி கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிற என் மனைவி, பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அம்மியில அரைக்கத்தான் இந்தாத்துல ஆளில்லை. அடிக்கவாவது ஒரு ஆள் கிடைச்சுதே" என்றாள்.

ஆறு மாதம் கல். அதற்கப்புறம் நிஜச் செண்டை. நாங்கள் இருக்கிற வலியசாலையில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாமா, ஏதோ அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிடையரானவர். என்னிடமே காதுக் கருவி வாங்கிப் போட்டுக்கொண்டவர். ஒரு நாள் வாசலில் என்னைப் பிடித்தார்.

"நீ குடுத்த மிஷின் பிரமாதம்டா. நீ ஆரம்பிச்ச உடனே கழட்டி டப்பாவில போட்டுடறேன். என்ன நிம்மதி, கேட்டியா!"

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிற இடம். என் மேஜையின் இரண்டாவது இழுப்பறை நிறைய காதடைப்பான்கள் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு மூன்று செண்டைக் கலைஞர்களாவது காதில் இரைச்சல் என்று என்னிடம் வருவார்கள். அவர்களை உட்கார வைத்து, பெரிய சத்தம் காதுக்குள் என்ன பண்ணும் என்று படம் போட்டு விளக்கி, இலவசமாக ஒரு ஜோடி காதடைப்பானும் கொடுத்து அனுப்புகிறவன் நான். அதில் ஒரு ஜோடியை வகுப்புக்கும் எடுத்துக்கொண்டு போனேன். பாக்கெட்டிலிருந்து எடுத்தபோது ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். மழை வருமோ என்று குடையோடு கல்யாண ஊர்வலத்துக்கு வந்தவனைப் பார்க்கிற பார்வை. நான் அதைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டேன். அதற்கப்புறம் எட்டு மாதம் எடுக்கவே இல்லை. இரண்டடி தூரத்தில் இருபது செண்டை, நடுவில் இலைத்தாளம் என்கிற கனத்த ஜால்ரா, தினமும் ஒன்றரை மணி நேரம். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வகுப்பு முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது காதுக்குள் கொஞ்ச நேரம் ஒரு பூச்சி ரீங்காரம் கேட்கும். அதையும் ஏதோ பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு நடந்தேன்.

தெர்மாமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, மனைவி பள்ளிக்கூடம் போன பிறகு, உடம்பு சுட்டது. வீட்டிலிருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பீப் அடிக்கவே இல்லை. பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இது எங்கள் வீட்டில் ஒரு சாதனை. பாட்டரி போயிருக்கும் என்று பழவங்காடியில் புதுசு வாங்கினேன். அதுவும் அடிக்கவில்லை. காய்ச்சலோடு மறுபடியும் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். அதுவும் ஊமை. மூன்றாவது தடவை கடைவாசலில் குரலை உயர்த்தினேன்.

"நான் சத்தத்துலயே பொழைக்கறவன். எங்கிட்டயே ஊமை தெர்மாமீட்டரைத் தள்ளிவிடப் பாக்கறேளா?"

கவுன்டரில் இருந்த பெண் அதைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு எடுத்து என் முன்னால் நீட்டினாள். நான் கேட்கவில்லை என்று தலையாட்டினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மூன்று பேரும் ஒரே குரலில், "அடிக்குன்னுண்டல்லோ சாரே", அடிக்கிறதே சார், என்றார்கள். வாசலில் படுத்திருந்த நாய்கூடக் காதை நிமிர்த்தியது.

சாதாரண மனிதனுக்கு அந்த இடத்தில் குழப்பம்தான் வந்திருக்கும். எனக்கு வந்தது விடை. தெர்மாமீட்டரின் பீப் ஏறக்குறைய நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், கீச்சென்ற உயர்ந்த சத்தம். பேரோசை காதைக் கெடுக்கும்போது முதலில் குழி விழுகிற இடமும் அதே நாலாயிரம்தான். இதை எத்தனையோ கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு நடந்து வருகிற வழி முழுக்க எனக்கு இது தெரிந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் தெரியாமல் போய்விட்டது.

"காய்ச்சல்ல காது அடைச்சிண்டிருக்கு" என்றேன் மனைவியிடம்.

என் நாற்காலியிலிருந்து சோதனைக் கூண்டுக்கு ஒன்பது எட்டு வைத்தால் போதும். காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அந்த ஒன்பது எட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதனை செய்தால் கிராஃப் வரும். கிராஃப் வந்தால் செண்டையை விட வேண்டும், அல்லது ஊரறியக் காதை அடைத்துக்கொண்டு கொட்ட வேண்டும். காதுக் கருவியும் மாட்ட வேண்டியிருக்கலாம். அரங்கேற்றத்துக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. அரங்கேற்றம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். என்னிடம் வருகிறவர்கள் பெண் கல்யாணம் முடியட்டும், கிரகப்பிரவேசம் முடியட்டும் என்று இழுத்தடிக்கும்போது, அதற்குள் காது முகூர்த்தம் பார்த்துக்கொண்டு காத்திருக்குமா என்று நக்கலடிக்கிறவன் நான். அந்த நக்கலை என்னைப் பார்த்து அடிக்க அப்போது அறையில் யாரும் இல்லை. என்னோடு வேலை பார்க்கிற இளம் ஆடியாலஜிஸ்ட் தன் கல்யாணத்துக்காக ஆறு வாரம் லீவில் போயிருந்தாள்.

வகுப்பில் ஆசானுக்கு மட்டும் ஏதோ பட்டிருந்தது. ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"சாரே, அயாளுடெ கையி நோக்கண்ட. தாளம் கேட்டா மதி."

பக்கத்து ஆளின் கையைப் பார்க்காதே, தாளத்தைக் கேட்டால் போதும் என்கிறார். நான் உண்மையிலேயே ஆட்டோக்காரரின் கையைப் பார்த்துத்தான் கொட்டிக்கொண்டிருந்தேன். இலைத்தாளத்தின் கூர்மையான ஒலி எனக்குக் கம்பளிக்குள் சுற்றி வைத்தது போல மங்கித்தான் வந்தது. அன்று முதல் ஆசான் பார்க்காத நேரமாக ஆட்டோக்காரர் கையைப் பார்த்துக் கொட்டினேன்.

இதெல்லாம் என் சொந்தக் கூத்து, என்னோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த ஆறு வாரத்தில்தான் களியக்காவிளையிலிருந்து ஒரு பெண் தன் நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்குப் பிறவியிலேயே கேட்பது குறைவு. ஒரு வருஷம் முன்னால் நான்தான் கருவி பொருத்தியிருந்தேன். நன்றாகப் பழகிக்கொண்டு, பத்திருபது வார்த்தை பேசவும் ஆரம்பித்திருந்த குழந்தை. இப்போது திடீரென்று கருவியைக் கழற்றி எறிகிறாள் என்றாள் அம்மா. அவள் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறவள். ஒரு நாள் இங்கே வந்தால் அங்கே ஒரு நாள் லீவு சொல்ல வேண்டும்.

"சாரே, இதுக்குள்ளேருந்து ஒரு சத்தம் வருது. கீன்னு. அங்கன்வாடியில பிள்ளைங்க எல்லாம் சிரிக்குது. இவ கழத்தி எறியுதா."

கருவியைக் குழந்தையின் காதில் வைத்தேன். கையைக் காதருகே குவித்துப் பார்த்தேன், சத்தம் இருந்தால் அப்போது பலமாகும். ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. கீயும் இல்லை, கூவும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றேன். என் காதுக்குக் கேட்காத சத்தம் இந்த ஊரில் கிடையாது என்கிற தோரணையில் சொன்னேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தாள். மறுபடி அதே புகார். கருவியைக் கழற்றி, துடைத்து, குழாயை மாற்றி, நிறைய வேலை செய்தது போலக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கருவியில தப்பில்லை. குழந்தைக்குப் பிடிவாதம். இந்த வயசுல அப்படித்தான். நீங்க இடம் குடுக்கறதாலதான் எறியறா. கொஞ்சம் கண்டிப்பா இருங்கோ" என்றேன்.

அவள் அந்தக் கருவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரி சாரே என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஜனங்களிடம் எங்களைப் போன்றவர்கள் அடிக்கிற கொட்டம் கொஞ்சமில்லை.

நாலாவது முறை அவள் வந்த அன்று என் ஜூனியர் லீவு முடிந்து திரும்பியிருந்தாள். கையில் மருதாணி இன்னும் போகவில்லை. குழந்தை உள்ளே வரும்போதே, எட்டடி தூரத்தில், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சார், அது விசிலடிக்குதல்லோ."

"எது?"

"குழந்தையோட மிஷின். நல்லா அடிக்குது. கேக்கலையா சார்?"

அறையில் நாலு பேர் இருந்தோம். மூன்று பேருக்குக் கேட்டது. அதில் ஒருத்தி காது கேளாதவள் என்று பதிவு செய்யப்பட்ட நாலு வயதுக் குழந்தை. கேட்காத நான்தான் அங்கே நிபுணன்.

குழந்தை வளர வளரக் காதும் வளரும். காதுக்குள் பொருந்துகிற அச்சு தளர்ந்து போனால் உள்ளே போக வேண்டிய சத்தம் வெளியே கசிந்து, திரும்பக் கருவிக்குள்ளேயே நுழைந்து விசிலாக மாறும். முதல் வருஷ மாணவன் கண்டுபிடிக்கிற கோளாறு. ஜூனியர் அந்த இடத்திலேயே புது அச்சுக்கு அளவெடுத்தாள். அது செய்து வரப் பத்து நாள் ஆகும். அம்மாவிடம் யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும் என்கிற நிலைமை வந்தபோது நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"குழந்தை வளர்ந்துட்டாளோல்லியோ, அதான் அச்சு லூஸாயிடுத்து" என்றேன்.

பொய் இல்லை. அதனால்தான் அது அத்தனை மட்டமாக இருந்தது. ஜூனியர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் போன பிறகு கூண்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்பது எட்டையும் எடுத்து வைத்தேன்.

உள்ளே உட்கார்ந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? திருடினேன். எந்த வரிசையில் எந்தச் சத்தம் வரும் என்பது எனக்கு மனப்பாடம். கண்ணாடி வழியாக அவள் தோள் அசைகிறதா என்று பார்த்து அமுக்கினேன். உடனே அவள் ஒரு ஃபைலை எடுத்து நிறுத்தினாள். நான் சொல்லிக்கொடுத்த வித்தை. பிறகு வரிசையைக் கலைத்தாள். நான் குத்துமதிப்பாக அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஹெட்ஃபோனில் அவள் குரல் வந்தது.

"சார், நான் ஒரு நிமிஷமா ஒண்ணுமே கொடுக்கலை."

ஐம்பதாவது வயதில், தன் சொந்தக் கூண்டில், தன் மாணவி மாதிரி இருக்கிற பெண்ணிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் என்ன செய்ய முடியும்? பொத்தானை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் ஒழுங்காகக் கேட்டேன். கேட்காததையும் ஒழுங்காகக் கேட்காமல் இருந்தேன். வெளியே வந்தபோது கிராஃப் தயாராக இருந்தது. கோடு சமதரையில் நடப்பது போல வந்து, நாலாயிரத்தில் கிணற்றில் விழுந்து, அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டு காதிலும். வேறு யாருடைய பெயரோ எழுதிய காகிதமாக இருந்திருந்தால், 'செண்டையா?' என்று நானே கேட்டிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி பேப்பர் திருத்துவதை நிறுத்தவில்லை.

"ஆறு மாசமா சொல்லிண்டிருக்கேன்."

"எப்போ சொன்னே?"

"அதைத்தான் சொல்றேன்" என்றாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்தது. கிராஃபுக்காக இல்லை. அந்தக் குழந்தைக்குப் பிடிவாதம் என்று நான் சொன்னபோது அவள் அம்மாவின் முகம் இருந்த விதத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்.

ஆசானிடம் அதைவிடச் சுலபமாகச் சொல்ல முடிந்தது. எட்டு மாதமாக எனக்குப் பாதி கேட்காமல்தான் கொட்டினேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யோ, கேக்காஞ்ஞிட்டாணோ? ஞான் விசாரிச்சு சாறினு வாசன இல்லான்னு!"

கேட்காததாலா, நான் உங்களுக்குத் திறமையே இல்லை என்றல்லவா நினைத்தேன் என்கிறார். எட்டு மாதம் இதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்த நல்ல மனுஷன்.

ஜூனியர் எனக்கென்று அளவெடுத்துச் செய்துகொடுத்த காதடைப்பான்களை மாட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் நின்று அரங்கேறினேன். மேளம் உச்சத்துக்குப் போய், அத்தனை பேரும் ஒரே அடியில் நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லோரும் நிறுத்தினார்கள். நான் மட்டும் இன்னும் ஒன்று அடித்தேன். கோயில் முற்றம் முழுக்க அந்த ஒரு அடி தெளிவாகக் கேட்டது. எனக்கே கேட்டது. ஆட்டோக்காரர் குனிந்து, அது சாருக்கு மட்டுமான ஸ்பெஷல் என்றார். என் மனைவி அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு மாமா கருவியைப் போட்டுக்கொண்டு அதை மூன்று முறை பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை புது அச்சு வந்துவிட்டது. களியக்காவிளைக்கு நானே போன் செய்தேன். விஷயத்தைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தவன், கடைசியில் அச்சு வந்துவிட்டது, வாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவள் வந்த அன்று காலையில் என் காதுகளிலும் கருவி ஏறியிருந்தது. பஸ்ஸில் வந்த களைப்போடு அவள் உட்கார்ந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து, நாங்கள் குழந்தைகள் சோதனைக்கு வைத்திருக்கிற மரக்கட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். ஜூனியர் புது அச்சைப் பொருத்தினாள். நான் காதருகே கையைக் கொண்டுபோனேன். விசில் இல்லை. இந்த முறை ஜூனியரையும் கேட்டுக்கொண்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

புறப்பட எழுந்த அம்மாவை, ஒரு நிமிஷம் உட்காருங்கோ என்று நிறுத்தினேன்.

"முதல் நாளே நீங்க சொன்னது சரி. சத்தம் வந்துண்டுதான் இருந்தது. எனக்குத்தான் கேக்கலை. எனக்குக் காது கெட்டுப்போயிருந்தது, அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சோதிச்சுக்காம இருந்தேன். குழந்தை மேல தப்பில்லை. தப்பு என்னோடது."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மேலதிகாரியிடம் போவாள் என்றும் நினைத்தேன், போனால் போகட்டும் என்றிருந்தேன். அவள் என் காதில் இருந்த கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கண்டிப்பா இருக்கணும்னு சொன்னீங்கல்லா சாரே" என்றாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. "அதான் அடிச்சேன். ஒவ்வொரு தடவ கழத்தும்போதும் அடிச்சேன்."

இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் பேச்சு என்னுடையதாகத்தான் இருந்திருக்கிறது. ஜூனியர் ஏ.சி.யை அணைத்திருந்தாள். அறை அமைதியாக இருந்தது.

குழந்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"மக்களே, அம்மா அடிச்சது வலிச்சுதா?"

குழந்தை திரும்பிப் பார்க்காமலே, கையிலிருந்த கட்டையை மேலே வைத்துவிட்டு, "ம்" என்றாள். எங்கள் மூன்று பேருக்கும் அது கேட்டது.